இடி விழுந்த தென்னை – கடிதம்

அன்புள்ள அக்கா,

எங்கள் வீடு பேராவூரணிப் பக்கம். கொல்லையில் இடி விழுந்து பட்டுப்போன தென்னையில் பொன்முதுகு மரங்கொத்தி பொந்து போட்டிருக்கிறது. தலை முழுக்கச் சிவப்பாக இருக்கும் தாய்ப்பறவை வாயில் புழுவோடு வந்து குஞ்சுக்கு ஊட்டுவதைப் படமெடுக்கப் பத்து நாளாக முயல்கிறேன். மறைத்த முருங்கைக் கிளையைக் கழித்துவிட்டேன். செல்போனில் அதன் குரலையும் போட்டுப் பார்த்தேன். என்னைக் கண்டதும் மரத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. 70-300 லென்ஸ் வைத்திருக்கிறேன், இன்னும் தூரத்தை இழுக்கும் 150-600 வாங்கலாமா? வைகாசியில் மரத்தை வெட்டுகிறோம், அதற்குள் எடுத்தாக வேண்டும்.

*

அன்புள்ள தம்பி,

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பட்ட மாமரத்தை அறுத்தார்கள். அன்றிலிருந்து எனக்குள் இதே நினைப்புதான், அதற்குள் உங்கள் கடிதம்.

லென்ஸ் வாங்க வேண்டாம், கொல்லைக்கு 300 போதும். காலை வெயிலில் ஒரு துணி மறைப்புக்குப் பின்னால் அசையாமல் உட்காருங்கள், பின்னாலேயே சுற்றிப் போகாதீர்கள், அது தானாக இந்தப் பக்கம் வரும். அப்புறம், நீங்கள் தாய் என்று எழுதியிருப்பது தகப்பன். பெண்ணுக்கு முன்தலை கறுப்பாக, வெள்ளைப் புள்ளியோடு இருக்கும், பின்கொண்டை மட்டும்தான் சிவப்பு. வாயில் புழுவோடு ஒரு படம் உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. இந்தப் பறவை எறும்பையும் புழுவையும் விழுங்கி வந்து குஞ்சுக்குக் கக்கி ஊட்டும். பத்து நாளாக நடக்காத ஒன்றுக்காகக் காத்திருந்திருக்கிறீர்கள்.

ஆனால் அந்த முருங்கைக் கிளை! எந்தத் தைரியத்தில் கழித்தீர்கள்? அது உங்கள் படத்தை மறைத்தது, சரி. காக்கையிடமிருந்தும் வல்லூறிடமிருந்தும் பொந்தையும் அதுதானே மறைத்தது? குரல் போட்டது அதைவிட மோசம். தன் இடத்தில் இன்னொரு மரங்கொத்தி வந்துவிட்டது என்று அது குஞ்சை விட்டுவிட்டு அலையும். இனிமேல் அதைச் செய்யாதீர்கள். பறவைக் கூட்டைக் காட்டும் படங்களைப் பல போட்டிகளில் வாங்குவதே இல்லை, காரணம் இதுதான்.

இப்போது மரம். எங்கள் அப்பா மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இப்படி ஒரு மொட்டைத் தென்னையை விட்டு வைத்திருந்தார். தென்னைக்கு வெளிப்பக்கம்தான் வைரம், உள்ளே சோறு மாதிரி இருக்கும், அதனால் வெளிப்பக்கத்தைத் துளைத்துவிட்டால் மரங்கொத்திக்கு உள்ளே குடைவது சுலபம். முதல் வருஷம் மரங்கொத்தி, அடுத்த வருஷம் அதே பொந்தில் மைனா, அப்புறம் புள்ளி ஆந்தை. மைனாவுக்கும் ஆந்தைக்கும் கிளிக்கும் மரத்தைக் குடையத் தெரியாது தம்பி, மரங்கொத்தி போட்டுவிட்டுப் போனது மாதிரி ஏற்கெனவே இருக்கும் பொந்தில்தான் குடியேற வேண்டும். நான் ஏழாவது படிக்கும்போது கொட்டகையைப் பெரிதாக்க அந்த மரத்தைச் சாய்த்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டில் பொந்து, உள்ளே மூன்று ஆந்தைக் குஞ்சு, ஒன்றுக்குத்தான் உயிர் இருந்தது. அப்பா அதை முறத்தில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பெரிய ஆந்தைகள் இரண்டும் எதிர் வேம்பில் வந்து உட்கார்ந்து, மரம் இருந்த பக்கத்தையே பார்த்துக் கத்தின. விடிவதற்குள் அந்தக் குஞ்சின் உயிரும் போய்விட்டது. அப்பா அதற்குப் பிறகு எந்தப் பட்ட மரத்திலும் கோடாலி வைக்க விட்டதில்லை.

பட்ட தென்னையில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அகற்றுங்கள் என்று வேளாண் துறையில் சொல்வார்கள். தோப்புக்கு அது சரியான பேச்சு, மறுக்கவில்லை. நான் வெட்டாமல் விடச் சொல்வது கொல்லையில் நிற்கும் ஒரே ஒரு மரத்தை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து உங்கள் பக்கத்தில் எத்தனை வயதான தென்னைகளைச் சாய்த்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்திலெல்லாம் இப்போது நிற்பது இளமரம். அதில் எங்கே போய்ப் பொந்து போடும்?

வீட்டின் மேல் சாயும் தூரத்தில் நின்றால், மேல்பாதியை மட்டும் இறக்கிவிட்டு பொந்து உள்ள அடிப்பாதியை விடுங்கள், அதுவும் குஞ்சுகள் பறந்த பிறகு. பொரித்து மூன்று வாரம் போல ஆகும், அவ்வளவுதான். வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்தக் கடிதத்தை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.

முருங்கை சீக்கிரம் தழைத்துவிடும். தழைத்த பிறகு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பொந்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை.