காணாமல் போன பூட்ஸ்

கேள்வி: ஷெர்லாக் ஹோம்ஸ் வரிசையில் ‘பாஸ்கர்வில்லின் வேட்டை நாய்’ நாவலை ஆகா ஓகோ என்கிறீர்களே! பேய் நாய் வரும், வரும் என்று கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தேன். கைத்தடி ஆராய்ச்சி, பூட்ஸ் தேடும் படலம், போதாக்குறைக்கு நடுவில் ஹோம்ஸையே காணோம். பாதிக் கதை வரை வண்டி கிளம்பவே இல்லையே?
– வாசகர், தேனி

பதில்: வண்டி எப்போதோ கிளம்பிவிட்டது. நீங்கள்தான் ஜன்னலோர சீட்டில் கண்ணயர்ந்துவிட்டீர்கள்! முழுக்கப் படித்துவிட்டதாகச் சொல்வதால் முடிவை உடைத்தே பேசுகிறேன். படிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடலாம்.

உங்களைச் சலிக்கவைத்த அந்த பூட்ஸையே எடுத்துக்கொள்வோம். பாஸ்கர்வில் குடும்பச் சொத்துக்கு வாரிசாகக் கனடாவிலிருந்து வந்து லண்டன் ஓட்டலில் தங்கும் சர் ஹென்றியின் பழுப்பு நிற பூட்ஸில் ஒன்று காணாமல் போகிறது. புத்தம் புதுசு, ஒருமுறைகூடக் காலில் மாட்டாதது. பிறகு அது திரும்பக் கிடைக்கிறது. ஆனால் பழைய கறுப்பு பூட்ஸில் ஒன்று மாயம்! ஓட்டல் சிப்பந்தியிடம் அவர் எகிறுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். போடாத பூட்ஸில் ஆள் வாடை ஏது? அதனால்தான் திருடியவன் அதைத் திருப்பி வைத்துவிட்டு, போட்டுத் தேய்ந்ததைத் தூக்குகிறான். அந்தக் குடும்பத்தின் பரம்பரைச் சாபத்தில் வரும் பேய் நாய்க்கு மோப்பம் எதற்கு? ரத்தமும் சதையுமான நாய்க்குத்தான் அது வேண்டும். ‘பேயா, ஆளா’ என்ற கேள்விக்கு ஹோம்ஸுக்கு விடை கிடைத்த இடம் அது. வருவது ஐந்தாம் அத்தியாயத்தில்.

இன்னொன்று. பண்ணை வீட்டு எஜமானனாகப் போகிறவன் அதற்குத் தக்கபடி உடுத்த வேண்டாமா என்று லண்டனில் நிறையத் துணிமணி வாங்கியதாக சர் ஹென்றி போகிறபோக்கில் சொல்கிறார். புதுசு வந்தால் பழசு யாருக்காவது போகுமில்லையா? பட்லர் பாரிமோர் கைக்குப் போகிறது. அங்கிருந்து அவர் மைத்துனன், சிறையிலிருந்து தப்பிய செல்டன் உடம்புக்கு. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நாய் செல்டனை விரட்டுவதும், அவன் பாறையிலிருந்து விழுந்து சாவதும் அந்த வாடையால்தான். ‘ஷாப்பிங் பேச்சு’ என்று நீங்கள் தாண்டிப்போன வரி ஓர் ஆளைக் கொன்றிருக்கிறது, ஐயா.

ஹோம்ஸ் காணாமல் போவதும் கணக்குப் போட்டுச் செய்த வேலைதான். ஆறாம் அத்தியாயத்தில் ஹோம்ஸின் தோழர் வாட்சன் மட்டும் சர் ஹென்றியோடு ரயிலேறுகிறார். பதினொன்றின் கடைசி வரிகளில்தான் ஹோம்ஸின் குரல் மறுபடி கேட்கிறது. பாஸ்கர்வில் மாளிகை இருக்கும் டார்ட்மூர் பொட்டலில் இரவில் ஊளை கேட்டால் வாட்சன் நடுங்குவார், கூடவே நாமும். ஹோம்ஸ் பக்கத்தில் இருந்தால் அந்தப் பயம் இரண்டு பாராவில் செத்துவிடும்.

இன்னொரு விஷயம், நீங்கள் மொத்தமாகப் படித்தது. இது ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் 1901 ஆகஸ்ட் முதல் 1902 ஏப்ரல் வரை 9 மாதம் தொடராக வந்தது. முதல் மாதம் இரண்டே அத்தியாயம். இறந்துபோன சர் சார்லஸ் (சர் ஹென்றியின் பெரியப்பா) அருகே காலடித் தடம் இருந்தது, அது ராட்சத நாயின் தடம் என்று, வழக்கை ஹோம்ஸிடம் கொண்டுவந்த டாக்டர் மார்டிமர் சொன்னதோடு ‘தொடரும்’. 1893-இல் கதாசிரியர் கானன் டாயில் அருவியில் தள்ளிச் சாகடித்துவிட்ட ஹோம்ஸை மறுபடி பார்த்த ஜனம் அதன்பின் ஒரு மாதம் எப்படித் தூங்கியிருக்கும்?

இழுவை எங்குமே இல்லை என்று சாதிக்க மாட்டேன். எட்டு, ஒன்பதில் வாட்சனின் கடிதங்கள் கொஞ்சம் நீளம்தான். கடைசி அத்தியாயத்தில் ஹோம்ஸ் நெருப்புக்கு முன் உட்கார்ந்துகொண்டு எல்லா முடிச்சையும் வரிசையாக அவிழ்த்துக் காட்டுவது அதைவிட மோசம். திட்டுவதென்றால் அதைத் திட்டுங்கள், கூடச் சேர்ந்துகொள்கிறேன்.

முதல் அத்தியாயத்தில் மார்டிமர் மறந்து வைத்துவிட்டுப் போன அந்தக் கைத்தடியை மட்டும் விட்டுவிடுங்கள். அதிலுள்ள பல் தடத்தின் அகலத்தை வைத்து, டெரியர் என்ற சின்ன நாய்க்குப் பெரிசு, மாஸ்டிஃப் என்ற பெரிய நாய்க்குச் சிறிசு என்று ஹோம்ஸ் கணக்குப் போடும்போதே வாசலில் வந்து நிற்கிறதே ஒரு சுருட்டை முடி ஸ்பானியல் நாய், மார்டிமரின் செல்லம், அது என்ன ஆனது என்று கவனித்தீர்களா? பதினாலாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களில், புதைசேற்றுக்கு நடுவே, எலும்போடு ஒட்டிய பழுப்பு முடியாகக் கிடக்கிறது. எடுத்துப் பாருங்கள்.