சாமி மேடைக்குக் கீழே ஈரம்

கேள்வி: சிங்கப்பூரில், செங்காங்கில் ஒன்பதாவது மாடியில் நாலறை வீட்டில் இருக்கிறோம். மகள் ஆசைப்பட்டாள் என்று ஷிட்சூ இன நாய்க்குட்டி வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. வயது 13 வாரம். சமையலறையில் பீ பேட், அதாவது சிறுநீரை உறிஞ்சும் விரிப்பு, விரித்து வைத்திருக்கிறோம். ஆனால் பாதி நேரம் சோபா ஓரத்திலோ கால்மிதியிலோதான் போகிறான். போன வெள்ளிக்கிழமை சாமி மேடைக்குக் கீழே, மாமியார் உட்காரும் பாயிலேயே போய்விட்டான். திருப்பிக் கொடுத்துவிடச் சொல்கிறார் அவர். ஈரத்தில் மூக்கைத் தேய்த்தால்தான் புத்தி வரும் என்கிறார் கணவர். திட்டினால் காதை மடக்கிக்கொண்டு தப்பு செய்தவன் மாதிரிப் பார்க்கிறான். தெரிந்தேதான் செய்கிறானா? பகலில் மாமியார் மட்டுமே வீட்டில் இருப்பார்.

பதில்: முதலில் மூக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அது இன்றைக்கே நிற்க வேண்டும். மூக்கைத் தேய்த்தால் குட்டிக்குப் புரிவது ஒன்றுதான்: இந்த மனிதர் பார்க்கும்போது போனால் ஆபத்து. அப்புறம் சோபாவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் என்று ஒளிந்து போகப் பழகிவிடும். நீங்கள் பேட் பக்கத்தில் நின்றால் அடக்கிக்கொண்டு நிற்கும், நீங்கள் நகர்ந்ததும் வேறு எங்காவது போய்விடும். இப்படிப் பயந்துபோன குட்டிகள் உள்ள வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பழக்குவதைவிட அந்தப் பயத்தைப் போக்கத்தான் அவர்களுக்கு அதிக நாள் பிடித்தது.

அந்தக் குற்றவாளிப் பார்வையையும் நம்பாதீர்கள். நாய்களைப் பற்றி ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், நாய் உண்மையில் தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பு இருக்கவில்லை. வளர்ப்பவர் திட்டினால் அந்த முகம் வந்தது, தப்பே செய்யாத நாய்க்கும் வந்தது. உங்கள் குட்டி காதை மடக்குவது உங்கள் குரலுக்காகத்தான். பத்து நிமிடத்துக்கு முன்னால் போன ஈரத்தோடு உங்கள் திட்டை அது சேர்த்துப் பார்க்காது.

சரி, ஏன் பாயில் போனான்? இந்த வயதில் குட்டிகளுக்கு எங்கே போகலாம் என்பது பாதங்கள் வழியாகத்தான் மனதில் பதிகிறது. பேட் மெத்தென்று இருக்கும், ஈரத்தை உறிஞ்சும். கால்மிதியும் பாயும் அதே மாதிரிதான். டைல்ஸ் தரைக்கு நடுவில் மெத்தென்று காலில் தட்டுவது எதுவானாலும் அவனுக்கு அது பேட்தான். அதனால் இன்றைக்கே எல்லாக் கால்மிதிகளையும் கம்பளத்தையும் எடுத்து அலமாரியில் வையுங்கள், ஒரு மாதத்துக்கு வெளியே எடுக்க வேண்டாம். மாமியாரின் பாயைப் பூசை முடிந்ததும் சுருட்டி மேலே வைத்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே குறையும்.

மீதியில் பெரும்பங்கு வாடைதான். நமக்குத் துடைத்தது போலத் தெரிந்தாலும் அவன் மூக்குக்கு அந்த இடம் இன்னும் கழிவறையாகவே இருக்கும். அமோனியா கலந்த கிளீனரில் சிறுநீரின் வாடையே இருப்பதால் அது மறுபடியும் அங்கே இழுக்கும். பினாயில் வகைகள் வேண்டவே வேண்டாம். ஈரம் பாதத்தில் ஒட்டும், குட்டி நக்கும், உடம்புக்குக் கெடுதல். செல்லப்பிராணிக் கடைகளில் என்சைம் கிளீனர் என்று கேட்டால், வாடையையே சிதைக்கும் திரவம் ஒன்றைக் கொடுப்பார்கள். ஈரத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு அதை நிறைய ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிட்டுத் துடையுங்கள். உடனே துடைத்தால் பயனில்லை.

இனி நேரம். ஒரு குட்டி எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் அது அடக்கக்கூடிய அதிகபட்சம் என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்களுடையவனுக்கு நாலு மணி நேரம், அதுவும் தூங்கும்போது. விழித்து ஓடி விளையாடும்போது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், விளையாட்டு முடிந்ததும் என்று இந்த மூன்று வேளையும் யாரும் கேட்காமலே பேடுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். இடையில் தரையை மோந்துகொண்டே சுற்றினாலோ, விளையாடிக்கொண்டிருந்தவன் சட்டென்று மூலைக்கு நடந்தாலோ, உங்களுக்கு இருப்பது சில விநாடிதான்.

எங்கள் வீட்டு நாய் மிளகு குட்டியாக வந்த முதல் வாரம் நான் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் பேடின் விளிம்பைக் கடிப்பாள், நடுவில் படுப்பாள், என் கால் விரலை நக்குவாள். பேசாமல் காத்திருப்பேன். ஒரு தடவை கிட்டத்தட்ட கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு மூக்கைத் தாழ்த்தினாள், ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பின்னங்கால் மடங்கியது. முடிக்கும் வரை நான் மூச்சு விடவில்லை. முடித்த அதே நொடியில் "நல்ல பொண்ணு!" என்று சொல்லி, வேகவைத்த கோழியில் ஒரு நகக்கண் அளவு வாயில் வைத்தேன். அந்த நொடி முக்கியம். அவள் கூடத்துக்கு ஓடி வந்த பிறகு கொடுத்தால், ஓடி வந்ததற்குத்தான் கோழி என்று நினைப்பாள்.

உங்கள் வீட்டில் சைவம் என்றால் வேகவைத்த கேரட்டோ பூசணியோ போதும். ஒரு விஷயம் மட்டும் மாமியாரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பிரசாதத்தில் இருக்கும் உலர்ந்த திராட்சையை ஆசையாக ஒன்று ஊட்டிவிடக் கூடாது. திராட்சை நாய்க்குச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருபவர் உங்கள் மாமியார்தான். பகல் முழுக்க வீட்டில் ஆள் இருப்பது பெரிய வரம், வேலைக்குப் போகும் பலருக்கு அது கிடைப்பதில்லை. ஆனால் அவரை நாள் முழுக்க நாய்க்குப் பின்னால் ஓட வைக்காதீர்கள். சமையலறை ஓரத்தில் சிறிய வேலி போட்டு, ஒரு பக்கம் படுக்கை, எதிர்ப் பக்கம் பேட் வையுங்கள். கவனிக்க முடியாத நேரமெல்லாம் குட்டி அதற்குள் இருக்கட்டும். படுக்கும் இடத்தை நாய் பொதுவாக அசிங்கப்படுத்தாது. அப்புறம், பேடில் வைக்கும்போது எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். கணவர் ஆங்கிலத்தில், மகள் வேறு விதமாக, மாமியார் தமிழில் என்றால் குட்டி குழம்பும். மாமியாருக்கு வாயில் வருவதையே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்வது போல "உச்சா போ" என்றால் போதும்.

பேடைக் குளியலறைக்கு மாற்றலாம் என்று யாராவது சொன்னால் இப்போது வேண்டாம். வாசலில் இருக்கும் திட்டு இவ்வளவு சின்னக் குட்டிக்கு உயரம், ஈரத் தரையில் பேடும் வழுக்கும். வளர்ந்த பிறகு நாளுக்கு அரை அடியாக நகர்த்திக்கொண்டு போகலாம்.

இரவில் படுக்கும் முன் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை. விளக்கைப் பளிச்சென்று போடாமல், கொஞ்சாமல், தூக்கி வைத்து முடிந்ததும் படுக்க வையுங்கள்.

கீழே புல்லுக்கு அழைத்துப் போவது தடுப்பூசிகள் எல்லாம் முடிந்த பிறகுதான், பெரும்பாலும் 16 வார வாக்கில். தேதியை மருத்துவர் சொல்வார். குட்டிகளின் உயிருக்கே ஆபத்தான பார்வோ என்ற கிருமி மண்ணில் நெடுநாள் இருக்கும். அதுவரை கையில் தூக்கிக்கொண்டு புளோக்கைச் சுற்றிக் காட்டலாம், தரையில் விட வேண்டாம். பிறகும் பேடை எடுத்துவிடாதீர்கள். ஒன்பதாவது மாடியில் மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரம் குட்டிக்கு நீளம், டிசம்பர் மழையில் கீழே இறங்கவும் முடியாது. மூன்று மாதம் தாண்டிவிட்டதால் நாய் வளர்க்கும் உரிமம் எடுத்துவிட்டீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண் குட்டி என்பதால் கருத்தடை பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள். வளர்ந்ததும் காலைத் தூக்கி அங்கங்கே அடையாளம் வைக்கும் பழக்கம் அதனால் குறையும்.

அடிக்கடி முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனாலோ, இரத்தம் தெரிந்தாலோ, வழக்கத்தைவிட மிக அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ பழக்கத்தின் மேல் பழி போடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். விருந்தாளி வந்ததும் குதூகலத்தில் கசிவது வேறு. அதற்கு வரவேற்பை அடக்கமாக வைத்துக்கொண்டால் போதும், வளர வளரச் சரியாகிவிடும்.

திருப்பிக் கொடுக்கும் பேச்சை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லி மாமியாரிடம் கேளுங்கள். குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டி, சாப்பிட்ட நேரம், தூங்கிய நேரம், எங்கே போனான் என்று மகளை எழுதச் சொல்லுங்கள். நாலைந்து நாளில் அவனுடைய நேரம் உங்களுக்கே பிடிபடும். இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.