ட்ரக் பெட்டா, ரூஃப்டாப் டென்ட்டா? முதலில் மெத்தையைப் பாருங்கள்

கேள்வி: டென்வரில் இருக்கிறோம். போன வருடம் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் ட்ரக் வாங்கினோம். நான்கு கதவு கேபின், பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி, அதாவது பெட், ஐந்தரை அடி. நான், மனைவி, ஏழு வயது மகள். என் உயரம் 5 அடி 9 அங்குலம். ஜூன் மாதம் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவில் டென்ட் போட்டு, வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கு வைத்திருந்த காற்று மெத்தையில் படுத்தோம். விடியும்வரை நடுக்கம், யாருக்கும் தூக்கமில்லை. தரையில் படுத்ததால்தான் அப்படி ஆனது என்று நினைக்கிறேன். செப்டம்பர் கடைசியில் கிரேட் சாண்ட் டூன்ஸ் மணல்மேட்டுப் பூங்கா, அடுத்த கோடையில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா போகிறோம். ட்ரக் பெட்டில் பொருத்தும் டென்ட், பெட்டை மூடும் கெட்டிக் கூடான கேனோபி, வண்டிக்கு மேலே வைக்கும் ரூஃப்டாப் டென்ட், இந்த மூன்றில் எதை வாங்கலாம்? மகளைக் கேபினில் பின்சீட்டில் படுக்க வைக்கலாமா?

பதில்: மூன்றில் எதையும் இந்த செப்டம்பருக்காக வாங்காதீர்கள். உங்களை நடுங்க வைத்தது தரை இல்லை, அந்தக் காற்று மெத்தை. அதே மெத்தையை எடுத்துப் போய் ட்ரக் பெட்டில் விரித்தால் இன்னும் அதிகமாகக் குளிரும்.

ஏன் என்று சொல்கிறேன். விருந்தாளி மெத்தைக்குள் இருப்பது வெறும் காற்று. நீங்கள் புரளும்போதெல்லாம் அது உள்ளே கலங்கி, உங்கள் உடம்பு கொடுத்த சூட்டை அடிப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். அடியில் இருப்பது மண்ணாக இருந்தால் ஓரளவு பரவாயில்லை. பகலில் வாங்கிய வெப்பத்தை மண் மெதுவாகத்தான் விடும். டென்ட்டுக்கு அடியில் இருக்கும் மண் இரவில் பெரும்பாலும் வெளிக்காற்றை விடக் கொஞ்சம் கதகதப்பாகவே இருக்கும். ட்ரக் பெட்டுக்கு அந்த வசதி கிடையாது. எஃப்-150-இன் உடலும் பெட்டும் 2015 மாடலில் இருந்து அலுமினியக் கலவையால் ஆனவை. மெல்லிய தகடு, அதன் அடியில் குளிர்ந்த காற்று நாலு பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும். ரூஃப்டாப் டென்ட்டிலும் இதே கதைதான், இன்னும் இரண்டு மீட்டர் உயரத்தில், காற்று நேராக அடிக்கும் இடத்தில்.

அதனால் எங்கே படுப்பது என்ற கேள்வி இரண்டாவதாக வரட்டும். எதன்மேல் படுப்பது என்பதுதான் முதல் கேள்வி. கடையில் கேம்பிங் மெத்தைகளில் ஆர் வேல்யூ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். வெப்பம் கீழே இறங்குவதை மெத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஓர் எண் சொல்லும். 2020 வாக்கில் இருந்து பெரிய கம்பெனிகள் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற ஒரே சோதனை முறைக்கு வந்துவிட்டன. எனவே இப்போது இரண்டு கம்பெனி மெத்தைகளை எண்ணை வைத்தே ஒப்பிடலாம். கோடையில், தாழ்வான இடத்தில் 2 போதும். உறைநிலைக்குப் பக்கத்தில் போகிற இரவுக்கு 4-க்குக் குறையக்கூடாது. அதற்கும் கீழே போனால் 5, 6 என்று தேடுங்கள். உள்ளே எந்தத் திணிப்பும் இல்லாத வீட்டுக் காற்று மெத்தை ஏறக்குறைய 1-இல் நிற்கும். உங்கள் ஜூன் இரவுக்கு விளக்கம் அவ்வளவுதான்.

இந்த எண்களை அப்படியே கூட்டிக்கொள்ளலாம் என்பது நல்ல செய்தி. மடித்து வைக்கும் தட்டையான ஃபோம் பாய் ஒன்றின் மதிப்பு 2 வரும். அதை 3 உள்ள மெத்தைக்கு அடியில் போட்டால் 5. அந்தப் பாய் பஞ்சராகாது, விலையும் குறைவு. பகலில் மகள் உட்கார்ந்து விளையாடவும் ஆகும். எந்த மெத்தை வாங்கினாலும் இதில் ஆளுக்கு ஒன்று வாங்குவேன்.

இப்போது நீங்கள் போகிற இடம். டென்வர் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிரேட் சாண்ட் டூன்ஸில் பின்யான் பிளாட்ஸ் முகாம் ஏறக்குறைய 2,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஆகவே டென்வரை விட சுமார் ஆறு டிகிரி குறைவு என்று ஒரு கணக்கு. அதோடு முடியவில்லை. அந்த மணல் மேடுகள் சான் லூயிஸ் பள்ளத்தாக்கின் ஓரத்தில் நிற்கின்றன. காற்றில்லாத தெளிந்த இரவில் மலைகளின் குளிர்ந்த காற்று வழிந்து வந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். அங்கே உள்ள அலமோசா ஊர் குளிருக்குப் பேர்போனது. முகாம் பள்ளத்தாக்கின் அடியில் இல்லை, மேட்டின் ஓரத்தில்தான் இருக்கிறது என்றாலும், செப்டம்பர் கடைசிக்கு சுழியம் டிகிரியை மனதில் வைத்துத் தயாராகுங்கள்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது பையின்மேல் பெரிதாக எழுதிய எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். கம்ஃபர்ட் என்று ஓர் எண், லோயர் லிமிட் என்று இன்னொன்று இருக்கும். இரண்டாவது, ஒருவர் சுருண்டு படுத்து எப்படியோ இரவை ஓட்டிவிடக்கூடிய அளவு. வசதியாகத் தூங்க முதல் எண்தான் கணக்கு. கம்ஃபர்ட் மைனஸ் 5 டிகிரி அளவில் உள்ளதை எடுங்கள். மகளுக்குச் சிறுவர் அளவு பை வேண்டும். பெரியவர்கள் பையில் காலுக்குக் கீழே இருக்கும் காலி இடத்தையும் அந்தச் சின்ன உடம்புதான் சூடாக்க வேண்டியிருக்கும்.

சரி, ட்ரக்குக்கு வருவோம். உங்கள் பெட்டின் உள்நீளம் 67 அங்குலம், அதாவது 170 சென்டிமீட்டர். உங்கள் உயரம் 175. படுத்தால் பாதம் நீளும், தலையணையும் வேண்டும், அதனால் உயரத்தோடு ஒரு ஜாண் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உங்களுக்கு 195 வேண்டும், இருப்பது 170. பெட்டின் பின்பக்க மடக்குக் கதவான டெயில்கேட்டைத் திறந்து போட்டால் அரை மீட்டர் கூடும், ஆனால் கேனோபி போட்ட வண்டியில் அதன் பின்கதவு மூடிய டெயில்கேட்டின் மேல்தான் வந்து உட்காரும். கேனோபிக்குள் படுத்தால் உங்கள் நீளம் 170 தான். ஆறரை அடி, எட்டு அடி பெட் வைத்திருப்பவர்கள் கேனோபியைக் கொண்டாடுவதைப் பார்த்து நீங்களும் வாங்கிவிடக்கூடாது. கணவன் மனைவி இருவர் மட்டும், நீளமான பெட் என்றால், நல்ல கேனோபியும் உள்ளே ஒரு பலகை மேடையும்தான் நான் பார்த்ததிலேயே மிக நல்ல ஏற்பாடு. மழைக்கும் காற்றுக்கும் கவலை இல்லை, கீழே பெட்டிகள், மேலே படுக்கை, காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடலாம். உங்கள் வண்டியில் மூன்று பேருக்கு அது ஒத்துவராது. பெட்டின் இரு பக்கமும் சக்கரங்களுக்கு மேலே உள்ளே புடைத்திருக்கும் சக்கர மேடுகளுக்கு மேலே மேடை போட்டாலும் அகலம் ஏறக்குறைய 165 சென்டிமீட்டர் வரும், ஆளுக்கு 55. மேடைக்கு மேல் மெத்தையும் போட்டுவிட்டால், கேபின் உயரத்துக்கு இருக்கும் கேனோபியில் நிமிர்ந்து உட்காரவும் முடியாது.

பெட் டென்ட் சில நூறு டாலரில் கிடைக்கும். டெயில்கேட்டையும் உள்ளடக்கும் மாடல் வாங்கினால் நீளப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் சக்கர மேடுகளுக்கு நடுவே இருப்பது 128 சென்டிமீட்டர்தான், அதில் இரண்டு பேர்தான் படுக்கலாம். அதை விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. டென்ட் போடுமுன் பெட்டைக் காலி செய்ய வேண்டும். கூலர், அடுப்பு, துணிப்பை, தண்ணீர் கேன் எல்லாம் எங்கே போகும்? மழை இரவில் வண்டிக்கு அடியில் தள்ளிவைப்பார்கள். காலையில் மணல் மேட்டுக்குப் போக வண்டியை எடுக்க வேண்டும் என்றால் டென்ட்டை முழுக்கப் பிரிக்க வேண்டும்.

ரூஃப்டாப் டென்ட்டுக்கும் அந்தக் கடைசிக் குறை உண்டு, மடிப்பது சுலபம் என்றாலும். விலை ஆயிரம் டாலரைத் தாண்டித் தொடங்கி, கெட்டி ஓடு உள்ளவை மூவாயிரம், நாலாயிரம் என்று போகும். அதைத் தாங்கும் ரேக்குக்குத் தனிச் செலவு. டென்ட்டே 50 முதல் 75 கிலோ வரும், எனவே வாங்குமுன் ஓட்டுநர் கதவைத் திறந்து உள்சட்டத்தில் ஒட்டியுள்ள மஞ்சள் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று அதில் இருக்கும். ரேக்குக்கும், வண்டி ஓடும்போது எவ்வளவு, நிற்கும்போது எவ்வளவு என்று இரண்டு அளவுகள் உண்டு, இரண்டையும் கேளுங்கள். தினம் ஓர் ஊர் மாறிக்கொண்டே வாரக்கணக்கில் பயணம் செய்பவர்களுக்கு இந்தச் செலவு தகும். இரண்டு மூன்று இரவு ஒரே இடத்தில் தங்கும் குடும்பத்துக்கு, தூக்கக் கலக்கத்தில் ஏழு வயதுப் பிள்ளையை ஏணியில் இறக்கி பாத்ரூமுக்குக் கூட்டிப்போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மகளைக் கேபினில் படுக்க வைப்பது பற்றி. இடம் தாராளமாகப் போதும். இருந்தாலும் வேண்டாம். கரடி நடமாடும் காட்டில் கேபின்தான் உங்கள் சாப்பாட்டுப் பெட்டி. உணவை இரும்பு லாக்கரில் அல்லது கெட்டிச் சுவர் உள்ள வண்டிக்குள் கண்ணாடி ஏற்றி வைக்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. சில பூங்காக்களில் இரவில் வண்டிக்குள்ளும் வைக்கக்கூடாது, லாக்கர்தான். உணவு என்றால் வாசனை உள்ள எல்லாமே: முறுக்கு பாக்கெட், புளிசாதம் இருந்த டப்பா, பற்பசை, தேங்காய் எண்ணெய், சன்ஸ்கிரீன். லாக்கர் இல்லாத இடத்தில் அவற்றையும் குழந்தையையும் ஒரே கேபினில் வைக்கவே கூடாது. பெட்டில் துணியை மட்டும் மூடி அதற்குள் சாப்பாடு வைப்பதும் பாதுகாப்பு ஆகாது.

இன்னொன்று, இதில் தயவுசெய்து எந்தச் சமரசமும் வேண்டாம். டென்ட், கேனோபி, கேபின், எதுவாக இருந்தாலும் நீங்கள் தூங்குகிற இடத்தில் கேஸ் அடுப்போ புரொப்பேன் ஹீட்டரோ எரியக்கூடாது. ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். குளிரினால் ஹீட்டர் தேவைப்படுகிறது என்று தோன்றினால் மெத்தையும் பையும் போதவில்லை என்று அர்த்தம், அவற்றைச் சரிசெய்யுங்கள்.

குளிரில் டென்ட்டை இறுக்க மூடிக்கொள்ளும் ஆசையும் வரும். மூன்று பேர் விடும் மூச்சின் ஈரம் துணியில் படிந்து விடிகாலையில் சொட்டும், பை நனையும், நனைந்த பை சூடு தராது. எதிரெதிராக இரண்டு திறப்புகளைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள்.

ஆக, செப்டம்பருக்கு உங்களிடம் இருக்கும் தரை டென்ட்டே போதும். மூன்று பேரும் அதில் சேர்ந்து படுங்கள், பெட்டில் சாமான், கேபினில் சாப்பாடு. முகாம் இடத்திலேயே கொஞ்சம் மேடான, புதர் ஓரமான மூலையைப் பாருங்கள், குழியான புல்வெளியைத் தவிருங்கள். கையில் உள்ள பணம் மெத்தைக்கும் பைக்கும் போகட்டும்.

யெல்லோஸ்டோனுக்கும் இதே சாமான் போதும். அங்கே கிரிஸ்லி கரடிகள் இருப்பதால் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் மட்டும் கெட்டிச் சுவர் வண்டிகளுக்குத்தான் அனுமதி, டென்ட் போட முடியாது. ரூஃப்டாப் டென்ட் வாங்கினாலும் அதன் சுவர் துணிதான், அங்கே அது உதவாது. மேடிசன், கேன்யன், கிரான்ட் வில்லேஜ் போன்றவற்றில் டென்ட் போடலாம், அங்கே முன்பதிவு செய்யுங்கள்.

பெட்டில் படுத்துப் பார்க்கும் ஆசை இன்னும் இருந்தால் வீட்டு வாசலிலேயே ஓர் இரவு படுத்துப் பாருங்கள். சுமை இல்லாத பிக்கப்பின் பின்பக்கம் முன்பக்கத்தை விடக் கொஞ்சம் தூக்கியே இருக்கும், அதனால் தலையை டெயில்கேட் பக்கம் வையுங்கள். இந்த ஆசையை மனதில் வைத்து, பெரியவர்கள் இருவரின் மெத்தையை இப்போதே 25 அங்குல அகலத்தில் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் 127 சென்டிமீட்டர், உங்கள் சக்கர மேடுகளுக்கு நடுவே மட்டாக உட்காரும். 30 அங்குல மெத்தை டென்ட்டில் சுகமாக இருக்கும், பெட்டில் இரண்டு நுழையாது.