ஜெபம் வராத நாட்களில்

கேள்வி: போன வருஷம் கணவர் தவறிவிட்டார். ஆலயத்துக்குப் போகிறேன், ஜெபம் மட்டும் வரவில்லை. “விசுவாசம் குறைவு” என்கிறார்கள். அப்படித்தானா ஐயா?
ஒரு சகோதரி, நாசரேத்

பதில்: இல்லவே இல்லை அம்மா. அப்படிச் சொல்கிறவர்கள் 88-ம் சங்கீதத்தை வாசிக்கட்டும். “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்று தொடங்குகிறவனுக்குக் கடைசி வசனம்வரை ஆறுதல் கிடைக்கவில்லை. ஒரு ஸ்தோத்திரம்கூட அதில் கிடையாது. அதுவும் வேதம்தானே!

இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவான்ஸ்நானனே, காவலில் கிடந்தபோது சந்தேகப்பட்டு, “வருகிறவர் (மேசியா) நீர்தானா?” என்று இயேசுவிடம் ஆள் அனுப்பிக் கேட்டான். இயேசு கடிந்துகொள்ளவில்லை, அவனிலும் பெரியவன் ஒருவனும் எழும்பினதில்லை என்று ஜனங்களிடம் சொன்னார்.

என் மனைவியை அடக்கம்பண்ணின பிறகு எனக்கும் வார்த்தை வரவில்லை. ராத்திரியில் அந்தச் சங்கீதத்தையே சத்தமாக வாசிப்பேன். எனக்கு அதுதான் ஜெபம். நீங்களும் வாசியுங்கள். ஆராதனையில் பாட முடியாவிட்டால் சும்மா உட்கார்ந்திருங்கள், மற்றவர்கள் உங்களுக்காகவும் பாடட்டும்.