மகள் எச்.ஐ.வி. துறைக்குப் போகிறேன் என்கிறாள், விடலாமா?

வணக்கம் சார். நாமக்கல்லிலிருந்து நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்தேன். பி.எஸ்சி. உளவியல் கடைசி வருடத்தில் இருக்கும் மகள், மேல்படிப்பு முடித்து எச்.ஐ.வி. உள்ளவர்களோடு வேலை செய்யப் போகிறேன், அவர்களை ஊர் ஒதுக்குவதைப் பற்றி ஆராய்ச்சி பண்ணப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தையே சரியில்லை என்கிறீர்கள். உங்கள் பயம் மூன்று: அவளுக்கு ஏதாவது தொற்றிக்கொள்ளுமா, நாளைக்கு வரன் பார்க்கும்போது நாலு பேர் என்ன பேசுவார்கள், இதில் சோறு கிடைக்குமா.

முதல் பயத்தை இன்றைக்கே விட்டுவிடலாம். எதிரே உட்கார்ந்து பேசுவதால், கை கொடுப்பதால், ஒரே டம்ளரில் காபி குடிப்பதால் எச்.ஐ.வி. பரவாது. சீக்கிரமே மாத்திரை தொடங்கினால் தம்பதிக்குள்ளேயே பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011இல் ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது, அதில் சென்னையில் இருந்தவர்களும் பங்கெடுத்தார்கள். விடாமல் மாத்திரை சாப்பிட்டு, ரத்தப் பரிசோதனையில் கிருமியே தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு மூலமாகக்கூடப் பரவாது. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற கவுன்சலருக்கு என்ன ஆகப் போகிறது?

இரண்டாவது பயத்தைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் மகள் படிக்க நினைப்பதே அதைத்தான். தென்னிந்தியாவில் எச்.ஐ.வி. உள்ள 229 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. ஒதுக்குதல் என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதை அதில் நாலாகப் பிரித்துப் பார்த்தார்கள்: தனக்கே நேர்ந்த அவமானம், இன்னொருவருக்கு நேர்ந்ததாகக் கேள்விப்பட்டது, ஊரில் எல்லோரும் இப்படித்தான் நினைப்பார்கள் என்ற எண்ணம், கடைசியில் தன்னையே தான் கேவலமாக நினைத்துக்கொள்வது. ஒருவரை யாரும் நேரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாம், சொல்லிவிடுவார்களோ என்ற பயத்திலேயே அவர் எல்லாவற்றையும் மறைக்கிறார், மறைத்து மறைத்து மனம் சோர்ந்துபோகிறார். எச்.ஐ.வி.க்கு மாத்திரை கொடுக்கும் உள்ளூர் ஏ.ஆர்.டி. மையத்தில் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று பக்கத்து மாவட்டத்துக்குப் பஸ் ஏறிப் போகிறவர்கள் உண்டு. வாங்கின மாத்திரையை பஸ் ஏறுவதற்கு முன்பே வேறு டப்பாவுக்கு மாற்றி, பெயர் ஒட்டிய பழைய டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. விருந்தாளி வந்திருக்கும் நாளில் அந்த டப்பாவை எடுக்கவே முடியாமல் ஒரு வேளை தப்பும், அப்புறம் இரண்டு வேளை. மாத்திரை இலவசம், டாக்டர் இருக்கிறார், ஆனாலும் வைத்தியம் பாதியில் நிற்கிறது. இந்த இடத்தில்தான் சார் உளவியல் படித்தவர் தேவைப்படுகிறார்.

இந்தத் துறைக்கு நம்ம ஊரில் பெரிய வரலாறு இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986இல் சென்னையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது. சுனிதி பிறகு 1993இல் எச்.ஐ.வி. சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்குமான ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார். 2004இல் அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. கொடுக்க ஆரம்பித்தபோது முதல் எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. உங்கள் நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே தனக்குத் தொற்று இருப்பது தெரிந்து, முகத்தை மறைக்காமல் வெளியே வந்து பேசி, 1998இல் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்று ஓர் அமைப்பையே உருவாக்கியவர். அவர் தாண்டி வந்ததோடு பார்த்தால், வரன் வீட்டார் கேட்கும் கேள்விக்கு நீங்களும் மகளும் பதில் சொல்வது ஒன்றும் முடியாத காரியம் இல்லை.

சரி, சம்பளம். மறைக்காமல் சொல்கிறேன். அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக் கவுன்சலர் வேலை பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில்தான். அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது சிரமம். அதனால் அவளிடம் நான் சொல்வது, அங்கே ஒன்றிரண்டு வருடம் இரு, ஆனால் அங்கேயே தங்கிவிடாதே. பரிசோதனைக்கு முன்னால் சம்மதம் வாங்குவது, முடிவைச் சொன்ன பிறகு அந்த மனிதர் வாய் திறக்கும்வரை பொறுமையாக இருப்பது, "வீட்டுக்காரம்மாகிட்ட எப்படிங்க சொல்றது" என்று கேட்பவருக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லாமல் இருப்பது, இதெல்லாம் வகுப்பறையில் வராது. அந்த அனுபவத்தோடு ஆராய்ச்சித் திட்டங்களுக்கோ பிஎச்.டி.க்கோ போனால் மதிப்பே வேறு. சென்னையில் காசநோய் ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனம் எச்.ஐ.வி. ஆய்வும் செய்கிறது, பெங்களூரில் மனநலத்துக்கான நிம்ஹான்ஸ் நிறுவனம் இருக்கிறது.

முதுகலையை நேரடி வகுப்பில்தான் படிக்க வேண்டும், இதில் சமாதானமே கிடையாது. 2025-26 சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூர வழியில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது, யாராவது "வீட்டிலிருந்தே முடிச்சிடலாம்" என்றால் பணம் கட்டிவிடாதீர்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும், வெறும் எம்.எஸ்சி. போதாது. ஆராய்ச்சிதான் குறி என்றால் புள்ளியியலைக் கண்டு அவள் ஓடக் கூடாது. பாதிப் பிள்ளைகள் அங்கேதான் கழன்றுகொள்கிறார்கள்.

இன்னொன்று, 2017ஆம் வருடத்து எச்.ஐ.வி. சட்டத்தை அவள் இப்போதே படிக்கட்டும். வேலையில், பள்ளியில், ஆஸ்பத்திரியில், வாடகை வீட்டில் யாரையும் இதைக் காட்டி ஒதுக்கக் கூடாது, சம்மதம் இல்லாமல் ஒருவருடைய நிலையை வெளியே சொல்லக் கூடாது என்பதெல்லாம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிற சட்டம். வேலைக்குப் போன பிறகு, "இன்னைக்கு யார் வந்தாங்க" என்று வீட்டில் நீங்கள் சாதாரணமாகக் கேட்டாலும் அவள் பதில் சொல்ல மாட்டாள், அதற்காகக் கோபப்படாதீர்கள். ஆனால் முகம் வாடி வந்தால் சாப்பிட்டாயா என்று கேளுங்கள், நாள் முழுக்க மற்றவர் துயரத்தைக் கேட்கிற வேலை, வீட்டு ஆதரவு இல்லாமல் அதில் நீடிப்பது கஷ்டம்.

மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள். எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம்.