அளவெடுத்துக் கட்டும் சைக்கிளுக்கு எந்த ஃப்ரேம்: ஸ்டீலா, அலுமினியமா, டைட்டானியமா?

முதல் ஃப்ரேம் என்றால் தயங்காமல் ஸ்டீல். 4130 குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ஸ்டீல்) குழாய்களில் 0.9/0.6/0.9 மி.மீ. சுவர் கொண்டவை, அதாவது வெல்டு விழும் இரு முனைகளும் தடித்து நடுப்பகுதி மெலிந்தவை, பெரும்பாலானோருக்குப் போதும். உடல் கனமென்றாலும் மூட்டை கட்டி ஓட்டுவதென்றாலும் டவுன் டியூபை (ஹேண்டில் பக்கமிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் குழாய்) மட்டும் ஒரு படி தடிப்பாக எடுங்கள். பின் டிராப்அவுட் (பின் சக்கர அச்சு உட்காரும் பிளவுத் தகடு) வளைந்தால் சூடாக்காமலே நிமிர்த்தலாம். ஒரு குழாய் நசுங்கினால் அதை மட்டும் அறுத்து மாற்றலாம். இதன் எதிரி துரு, அதுவும் உள்ளிருந்து தின்னும் துரு. பெயின்ட் காய்ந்ததும் குழாய்களுக்குள் துருத்தடுப்பு எண்ணெய் விட்டு எல்லாப் பக்கமும் சாய்த்துப் பரப்புங்கள். பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் அச்சு உட்காரும் கூடு) அடியில் நீர் வடியத் துளை கட்டாயம்.

அலுமினியம் எடை குறைவுதான். ஆனால் ஃப்ரேம்களுக்குப் பயன்படும் 6061 என்ற அலுமினியக் கலவையை வெல்டு செய்ததும் மூட்டோரம் வலிமை பெருமளவு இறங்கிவிடும். முழு ஃப்ரேமையும் சுமார் 530 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, சட்டெனக் குளிர்வித்து, நிமிர்த்தி, மறுபடி சுமார் 175 டிகிரியில் பல மணி நேரம் வைத்தால்தான் அது திரும்பும். அந்த உலை வசதி இல்லாத பட்டறையில் அலுமினியம் வேண்டவே வேண்டாம்.

டைட்டானியம் துருப்பிடிக்காது, விலைதான் கூடுதல். வெல்டு செய்யும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கான் (காற்றை அண்டவிடாத மந்த வாயு) நிரம்பியிருக்க வேண்டும். வெல்டு வெள்ளிபோல் மின்னினால் நல்லது. நீலமோ சாம்பலோ தெரிந்தால் காற்று கலந்திருக்கிறது, அந்த மூட்டு பின்னாளில் விரிசல் விடும்.

குலுக்கல் குறைய உலோகத்தைவிட டயர்தான் உதவும். 35 மி.மீ. டயருக்கு இடம் விட்டுக் கட்டச் சொல்லுங்கள்.