லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை மூலநிரலிலிருந்து நாமே கம்பைல் செய்து (இயங்கும் வடிவாக மாற்றி) நிறுவினால், ஓடிக்கொண்டிருக்கும் கணினி கெட்டுவிடுமா?

பழைய கெர்னலை நீக்காத வரை கெடாது. புதியது பூட் கோப்புறையில் பழையதன் அருகிலேயே தனிப்பெயரில் இடம்பிடிக்கும் என்பதால், அது எழும்பாவிட்டாலும் கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்துவிடலாம். ஆனால் இரண்டின் பதிப்புப் பெயரும் ஒன்றாகவே இருந்தால் பழைய மாட்யூல்களின் (கெர்னல் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் இயக்கி போன்ற துண்டுகள்) மேலேயே புதியவை எழுதப்பட்டுவிடும். எனவே கெர்னலின் அமைப்புத் தெரிவுகளைக் கொண்ட கான்ஃபிக் கோப்பில் 'லோக்கல் வெர்ஷன்' என்ற இடத்தில் உங்களுக்கென ஒரு பின்னொட்டை முதலில் சேர்த்துவிடுங்கள்.

கம்பைல் செய்வதைவிடக் கான்ஃபிக் கோப்புதான் ஆளைச் சோதிக்கும். ஆயிரக்கணக்கான தெரிவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க முயலாமல், இப்போது இயங்கும் கெர்னலின் கான்ஃபிக் கோப்பை மூலநிரல் கோப்புறைக்கு நகலெடுத்து, 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' கொடுங்கள். பழைய விடைகள் அப்படியே இருக்க, புதிய தெரிவுகள் மட்டும் இயல்பு மதிப்பைப் பெறும். லினக்ஸ் விநியோகங்களில் ஒன்றான உபுண்டுவின் கான்ஃபிக்கில் சான்றிதழ்க் கோப்புகள் இரண்டின் பாதைகள் குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கோப்புகள் உங்களிடம் இரா என்பதால் கம்பைல் பாதியில் நின்றுவிடும். அந்த இரண்டு மதிப்புகளையும் வெறுமையாக்கிவிட்டால் போதும்.

நேரத்தை மிச்சப்படுத்த நான் ஒருமுறை 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' பயன்படுத்தினேன். அந்த நொடியில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அது விலக்கிவிடும். கம்பைல் மிக விரைவாக முடிந்தது, கணினியும் நன்றாகவே எழும்பியது. ஆனால் சில நாள் கழித்துப் பென்டிரைவைச் செருகியபோது, இணைந்துள்ள யூஎஸ்பி கருவிகளைக் காட்டும் 'எல்எஸ்யூஎஸ்பி' பட்டியலில் அது தெரிந்தும் வட்டாக மட்டும் தோன்றவே இல்லை. கான்ஃபிக் உருவாக்கிய வேளையில் அது செருகப்படாததால், யூஎஸ்பி ஸ்டோரேஜ் மாட்யூல் கம்பைல் ஆகவே இல்லை! இந்தக் கட்டளையைக் கொடுக்கும் முன், உங்களிடமுள்ள கருவிகள் எல்லாவற்றையும் ஒருமுறை இணைத்துவிடுங்கள்.

நிறுவும்போது 'மேக் மாட்யூல்ஸ் இன்ஸ்டால்' முதலிலும் 'மேக் இன்ஸ்டால்' பிறகும் வர வேண்டும். டெபியன், உபுண்டு போன்றவற்றில் இரண்டாவது கட்டளையின் போதுதான், தொடக்கத்தில் நினைவகத்தில் ஏற்றப்படும் சிறு கோப்பு முறைமையான இனிட்ராம்எஃப்எஸ் உருவாகிறது. நிறுவப்பட்ட மாட்யூல்களிலிருந்தே அது எடுத்துக்கொள்ளும். வரிசை மாறினால் வட்டு இயக்கி அதற்குள் இடம்பெறாமல் போய், இயங்குதளம் இருக்கும் ரூட் கோப்பு முறைமையைக் கண்டுபிடிக்க முடியாமல் கணினி தொடக்கத்திலேயே நின்றுவிடக்கூடும்.

நம்பகமான கையொப்பமுள்ளவற்றை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கினால், கையொப்பமிடாத கெர்னலை அது ஏற்காது. அதை அணைக்க வேண்டும் அல்லது சொந்தச் சாவியைப் பதிவுசெய்து கெர்னலில் கையொப்பமிட வேண்டும். விநியோகத்தின் பாதுகாப்புத் திருத்தங்களும் இந்தக் கெர்னலுக்குத் தானாக வந்து சேரா. ஒவ்வொரு முறையும் நீங்களே புதிதாகக் கம்பைல் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், அன்றாட வேலைக்கான கணினியில் நான் இப்போது இதைச் செய்வதில்லை.